வீணாய்ப் போன ஓட்டு

என் நண்பர் ஒருவர் இருக்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பத்திரிகைகளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்கிறவர், நியாயஸ்தர். அவருடைய தங்கை பிள்ளை அமெரிக்காவில் மிச்சிகன் ராஜ்யத்தில் இருக்கிறான். அந்த நாட்டுப் பிரஜையாகவே ஆகிவிட்டவன். 2024 நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அவன் டிரம்புக்கும் போடவில்லை. கமலா ஹாரிஸுக்கும் போடவில்லை. பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் என்ற அம்மாளுக்கு ஓட்டுப் போட்டான். போட்டதோடு நில்லாமல், டெலிபோனில் மாமாவிடம் சொல்லியும் விட்டான். அன்று மூண்ட சண்டை இன்னும் ஓயவில்லை.

"ஓட்டை வீணாக்கிவிட்டான், சார்! படித்த பிள்ளை செய்கிற காரியமா இது? அவனுக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். உங்கள் கதைகளைப் படிக்கிறவன், நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார் நண்பர்.

கடிதம் எழுதினேன். ஆனால் நண்பர் எதிர்பார்த்த கடிதம் அல்ல அது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

'அமெரிக்காவில் யாரோ ஒரு பையன் யாருக்கோ ஓட்டுப் போட்டால் நமக்கென்ன?' என்று வாசகர்கள் கேட்கலாம். நமக்கும் அவர்களுக்கும் ஓட்டை எண்ணுகிற முறை ஒன்றேதான் என்பது முதல் பதில். பாதிப் பேருக்கு மேல் ஒருவரை விரும்பினார்களா என்று அந்த முறை கேட்பதில்லை. மற்றவனைவிட ஒரு ஓட்டு அதிகம் வாங்கினானா என்று மட்டும் கேட்கிறது. 'ஓட்டை வீணாக்காதே' என்ற உபதேசத்தை நம் வீட்டுத் திண்ணைகளிலும் நாம் கேட்டிருக்கிறோம் என்பது இரண்டாவது பதில். அந்த உபதேசம் நியாயமானதுதானா என்று பார்க்க, அது மிக உரத்துச் சொல்லப்படுகிற நாட்டுக்குப் போவதே நல்லது.

எதிர்க்கட்சிக்காரரின் வாதத்தை அதன் முழு பலத்தோடும் எடுத்து வைப்பதுதான் தர்மம். எனவே 2000-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் சார்பில் ஆல் கோர் நின்றார். குடியரசுக் கட்சியின் சார்பில் ஜார்ஜ் புஷ் நின்றார். நாடு முழுவதும் சேர்த்து எண்ணினால் கோருக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் ஓட்டுக்கு மேல் அதிகம். ஆனால் அங்கே ராஜ்யம் ராஜ்யமாக எண்ணுகிறார்கள். அநேகமாக எல்லா ராஜ்யங்களிலும், அங்கே முதலில் வந்தவனுக்கே அந்த ராஜ்யத்தின் பிரதிநிதி ஓட்டுகள் அத்தனையும் போய்ச் சேரும். கடைசியில் எல்லாம் ஃபிளாரிடா என்ற ஒரே ராஜ்யத்தில் வந்து நின்றது. ஏறக்குறைய 60 லட்சம் பேர் ஓட்டுப் போட்ட அந்த ராஜ்யத்தில் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில். அதே ராஜ்யத்தில் பசுமைக் கட்சியின் சார்பில் நின்ற ரால்ஃப் நேடர் வாங்கியது 97,488.

நேடர் சாமானியப் பேர்வழி அல்லர். மோட்டார் கம்பெனிகளை எதிர்த்து 1965-இல் புத்தகம் எழுதி, அடுத்த ஆண்டே கார்களின் பாதுகாப்புக்குச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர். ஆனாலும் அன்று முதல் அவர் பெயர் 'கெடுத்தவர்' என்று ஆகிவிட்டது. 'அந்தத் தொண்ணூற்றேழாயிரத்தில் நூற்றில் ஒரு பங்கு கோருக்குப் போயிருந்தால் புஷ் வந்திருப்பாரா? 2003-இல் ஈராக் யுத்தம் நடந்திருக்குமா?' என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வி விளையாட்டுக் கேள்வி அல்ல. செத்தவர்கள் நிஜமாகவே செத்தார்கள். இதைக் கேட்டவுடன் 'என் மனச்சாட்சி, என் உரிமை' என்று பதில் சொல்லிவிட்டுப் போகிறவனை நானும் மதிக்கமாட்டேன்.

ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் முழுக் கணக்கும் பார்க்க வேண்டும் அல்லவா? ஃபிளாரிடாவில் அன்று பெரிய கட்சிகள் இரண்டையும் தவிர வேறு 8 அபேட்சகர்கள் ஓட்டுச் சீட்டில் இருந்தார்கள். அந்த எட்டுப் பேரில் கடைசியாக வந்தவர் வாங்கியதுகூட 562. அதாவது எட்டுப் பேருமே, தனித்தனியாக, 537-க்கு மேல் வாங்கியவர்கள்! அந்த எட்டில் வலதுசாரியும் உண்டு, சோஷலிஸ்டும் உண்டு. இதில் யார் யாரைக் கெடுத்தது? இன்னொன்று: கோர் தம்முடைய சொந்த ராஜ்யமான டென்னஸீயில் தோற்றார். அங்கே ஜெயித்திருந்தால் ஃபிளாரிடா அவருக்குத் தேவையே இல்லை. சொந்த ஊரார் கைவிட்டதற்கும் நேடர்தான் ஜவாப்தாரியா? ஓட்டே போடாமல் வீட்டில் இருந்தவர்கள் எத்தனை லட்சம்? அவர்களை ஒருவரும் வையவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

2016-இல் இந்தக் கணக்கு இன்னும் வேடிக்கையாக இருந்தது. மிச்சிகனில் டிரம்ப் ஜெயித்தது 10,704 ஓட்டில். ஜில் ஸ்டைன் வாங்கியது 51,463. 'ஆகா, பார்த்தீர்களா!' என்றார்கள். ஆனால் அதே மிச்சிகனில் லிபர்டேரியன் கட்சியின் கேரி ஜான்சன் வாங்கியது 1,72,136. அவர் முன்பு குடியரசுக் கட்சியின் கவர்னராக இருந்தவர். 'பிரிந்த ஓட்டெல்லாம் தாய்க் கட்சிக்குத் திரும்பியிருக்கும்' என்பதுதான் கணக்கென்றால், அந்த ஓட்டுகளில் பெரும் பங்கு டிரம்புக்கு அல்லவா போயிருக்க வேண்டும்? அதை ஏன் ஒருவரும் எண்ணவில்லை? தோற்றவனுக்கு வேண்டிய கணக்கு மட்டும் கணக்கு, மற்றதெல்லாம் கணக்கில்லை!

இந்தக் கணக்குகளுக்கு அடியில் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. எனக்கு அதன்மேல்தான் கோபம். ஓட்டு என்பது ஏற்கனவே ஏதோ ஒரு பெரிய கட்சிக்குச் சொந்தமானது. வேறிடத்தில் போட்டவன் அதைத் திருடிக்கொண்டு போய்விட்டான் என்கிற எண்ணம். ஒரு கடைத்தெருவில் இரண்டே ஜவுளிக் கடைகள் இருக்கின்றன. ஒருவன் இரண்டிலும் நுழைந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல், மூலையில் கைத்தறிக்காரன் விரித்து வைத்திருக்கும் வேட்டியை வாங்கிக்கொண்டு போகிறான். 'என் வியாபாரத்தைக் கெடுத்தான்' என்று முதலாளி அவன் சட்டையைப் பிடித்தால் நாம் என்ன சொல்வோம்? 'உன் சரக்கைப் பார், ஐயா!' என்போம். கட்சி முதலாளிகளிடம் மட்டும் அப்படிச் சொல்ல நமக்கு நாக்கு எழுவதில்லை. அவர்களோடு சேர்ந்துகொண்டு வேட்டி வாங்கியவனையே நாமும் வைகிறோம்.

'எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?' என்று நம் பாட்டிகள் கேட்டார்கள். இன்றைய விவேகிகளோ, எரிகிற கொள்ளியில் ஒன்றை எடுத்தே தீரவேண்டும், எடுக்காதவன் ஊரைக் கொளுத்தியவன் என்கிறார்கள்.

சரி, வாதம் போதும். ஒரு கதை சொல்லுகிறேன். கதை என்றால் கற்பனை அல்ல, நடந்தது.

1844-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் அப்போதும் இரண்டு பெரிய கட்சிகள்தாம்: ஜனநாயகக் கட்சி ஒன்று, விக் கட்சி மற்றொன்று. ஜனநாயகக் கட்சியின் போல்க் அடிமைகளை வைத்திருந்தவர்; டெக்ஸாஸை நாட்டோடு சேர்த்து அடிமை நிலத்தைப் பெருக்க வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவர். விக் கட்சியின் ஹென்றி கிளேயும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். டெக்ஸாஸ் வேண்டாம் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு தெற்கத்தி ஓட்டுக்காக வழவழா கொழகொழா என்று பேசியவர். இந்த இருவருக்கும் நடுவே லிபர்டி கட்சி என்று ஒரு சின்னஞ்சிறு கட்சி. அடிமை முறை ஒழிய வேண்டும் என்பதே அதன் மூலாதாரம். அதன் அபேட்சகர் ஜேம்ஸ் பர்னி. அவரும் ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர். மனம் மாறி, அவர்களை விடுதலை செய்தவர்.

முடிவு என்ன? நியூயார்க் ராஜ்யத்தில் போல்க் 5,106 ஓட்டில் ஜெயித்தார். அங்கே பர்னி வாங்கியது 15,812. நியூயார்க் கிளேக்குப் போயிருந்தால் நாடே கிளேயின் கைக்குப் போயிருக்கும். போல்க் வந்தார். டெக்ஸாஸ் சேர்ந்தது. 1846-இல் மெக்ஸிகோவோடு யுத்தமும் வந்தது. அடிமை ஒழிய வேண்டும் என்று போட்ட ஓட்டு, அடிமை நிலத்தைப் பெருக்கிவிட்டது!

அப்போது இல்லினாய் ராஜ்யத்தில் 36 வயது வக்கீல் ஒருவர் இருந்தார், விக் கட்சிக்காரர். 1845 அக்டோபரில் அவர் லிபர்டி கட்சி நண்பர் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நியூயார்க்கில் இருந்த அடிமை எதிர்ப்பாளர்கள் எங்களுக்குப் போட்டிருந்தால் கிளே ஜனாதிபதியாகியிருப்பார், டெக்ஸாஸ் சேர்ந்திருக்காது என்று அதில் குறைபட்டுக்கொண்டார். நன்மைக்காகக்கூடத் தீமை செய்யலாகாது என்கிறீர்களே, மரத்தை அதன் பழத்தைக்கொண்டு அல்லவா அறிய வேண்டும். கிளேயைத் தேர்ந்தெடுப்பதால் அடிமை முறை பரவாமல் நின்றிருக்குமானால் அது எப்படித் தீமையாகும் என்றும் கேட்டிருந்தார்.

என் நண்பரின் வாதத்தை இதைவிட அழகாக எவரும் எழுதியதில்லை. எழுதியவர் பெயர் ஆபிரகாம் லிங்கன்.

பிற்பாடு நடந்தது என்ன? அந்தச் சின்னக் கட்சிக்காரர்கள் ஏச்சைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. 1840-இல் நாடு முழுவதிலும் அவர்கள் வாங்கியது ஏறக்குறைய 7,000 ஓட்டு. 1844-இல் 62,000. 1848-இல் பெரிய கட்சிகளை வெறுத்து வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு 'சுதந்திர மண்' கட்சி என்று பெயர் மாற்றி நின்றபோது 2 லட்சத்து 90 ஆயிரம். 1852-இல் 1 லட்சத்து 55 ஆயிரமாகச் சரிந்தது. 'தீர்ந்தது கதை' என்று பலர் நினைத்திருப்பார்கள். இரண்டே ஆண்டில், 1854-இல், இவர்களும் உடைந்துபோன விக் கட்சிக்காரர்களும் சேர்ந்து குடியரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். 1856-இல் அதற்குக் கிடைத்தது 13 லட்சம். 1860-இல் நான்கு பேர் மோதிய தேர்தலில், நூற்றுக்கு 40-க்கும் குறைவான ஓட்டை வாங்கி அந்தப் புதிய கட்சியின் அபேட்சகர் ஜனாதிபதியானார். ஆனவர் யார்? அதே இல்லினாய் வக்கீல்!

'வீணாய்ப் போன' ஓட்டுகள் வெட்டிய வாய்க்காலில்தான் லிங்கனின் ஓடம் போயிற்று. கிளேயின் விக் கட்சியோ, இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, 'ஆகவே சின்னக் கட்சிக்குப் போடுவதே புண்ணியம்' என்று நான் முடித்துவிட்டால் அது பாதி உண்மை. 1844-க்கும், அடிமை முறையை ஒழித்த 1865-க்கும் இடையில் 21 ஆண்டுகள். அந்த 21 ஆண்டும் அடிமைத் தளையில் கிடந்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். நடுவில் மகா கோரமான ஓர் உள்நாட்டு யுத்தம். பர்னிக்குப் போட்டவன், 'என் கை சுத்தம்' என்று மட்டும் சொல்ல உரிமை இல்லாதவன். தன் ஓட்டால் உடனடியாக விளைந்த தீமையை அவன் தோளில் சுமந்தே ஆகவேண்டும். லிங்கனின் கடிதத்துக்கு அவன் சொல்லக்கூடிய யோக்கியமான பதில் ஒன்றே ஒன்றுதான்: 'பழத்தைப் பார் என்கிறீர்கள், பார்க்கலாம். ஆனால் மரம் காய்க்க நான் தண்ணீர் ஊற்றப் போகிறேன். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?'

அவர்கள் தண்ணீர் ஊற்றினார்கள். ஓஹையோ ராஜ்யத்தின் சட்டசபையில் ஒரு சில இடங்களைப் பிடித்து, இரண்டு பெரிய கட்சிகளுக்கும் பெரும்பான்மை இல்லாமல் செய்து, பேரம் பேசி, 1849-இல் சால்மன் சேஸைச் செனட்டுக்கு அனுப்பினார்கள். தப்பி வந்த அடிமைகளுக்காகக் கோர்ட்டில் வாதாடிய வக்கீல் அவர். மாஸசூஸெட்ஸில் அதே உபாயத்தால் 1851-இல் சார்ல்ஸ் சம்னரை அனுப்பினார்கள். அடி மேல் அடி வைத்து அம்மியை நகர்த்தியவர்கள் அவர்கள்.

இன்றைக்குச் சின்னக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களில் பலர் செய்வது வேறு. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வந்து, புண்ணிய நதியில் முழுக்குப் போடுவதுபோல ஒரு ஓட்டைப் போட்டு, பாவம் தொலைந்தது என்று தலையைத் துவட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். 2000-இல் நேடருக்குக் கிடைத்தது நூற்றுக்கு 2.7. அடுத்த தேர்தலில் அவர் மறுபடி நின்றபோது நூற்றுக்கு அரைகூட இல்லை. பசுமைக் கட்சி வேறொருவரை நிறுத்தி அதிலும் குறைவாக வாங்கியது. வாய்க்கால் வெட்டப்படவில்லை, தண்ணீர் மணலில் சுவறிப் போயிற்று. அந்த ஓட்டுகளை வீண் என்று யாராவது சொன்னால், நேடர் கோரைத் தோற்கடித்தார் என்பதற்காக அல்ல, பிறகு ஒருவரும் மண்வெட்டியை எடுக்கவில்லை என்பதற்காக ஒப்புக்கொள்வேன்.

மண்வெட்டியை எடுக்க வருகிறவனைப் பெரிய கட்சிகள் விடுகின்றனவா என்பதையும் சொல்ல வேண்டும். 1992-இல் ராஸ் பெரோ என்ற பணக்காரர் தனியாக நின்று, டெலிவிஷனில் மற்ற இருவரோடும் சமமாக உட்கார்ந்து விவாதித்தார். நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேர், கிட்டத்தட்ட 2 கோடிப் பேர், அவருக்குப் போட்டார்கள். ராஜ்யங்களின் பிரதிநிதி ஓட்டில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். இரண்டு கட்சிகளும் கூடி 1987-இல் அமைத்த விவாதக் கமிஷன் 1996-இல் அவரை மேடையிலேயே ஏற்றவில்லை. 2000-இல் பாஸ்டன் விவாதத்தன்று நேடர், பேசுவதற்கு அல்ல, வேறு ஒரு கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு சீட்டை வைத்துக்கொண்டு போனார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்! பந்தியில் இலை போடாதது மட்டுமல்ல, வாசலில் நின்று மணம் பார்க்கவும் கூடாது.

உண்மையான குற்றவாளி ஓட்டுப் போட்டவனும் அல்லன், போட்டி போட்டவனும் அல்லன், எண்ணுகிற முறை. அதை மாற்ற வழி இருக்கிறதா? இருக்கிறது, நமக்குத் தெரிந்த வழியே. நம் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் ஒரு பெயருக்கு நேரே முத்திரை குத்துவதில்லை. 1, 2, 3 என்று விருப்பத்தை வரிசையாக எழுதுகிறார்கள். 1969-இல் வி. வி. கிரி ஜெயித்தபோது முதல் எண்ணிக்கையில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. பின்தங்கியவர்களுக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பங்களை எண்ணித்தான் முடிவு சொன்னார்கள். இந்த முறையில் ஒருவன் தன் மனசுக்குப் பிடித்தவனுக்கு 1 என்று எழுதலாம்; பயத்துக்கு 2 என்று எழுதலாம். ஃபிளாரிடாவில் இந்த ஏற்பாடு இருந்திருந்தால் நேடரை வைதிருக்க அவசியமே வந்திராது.

அமெரிக்காவிலேயே மெய்ன் ராஜ்யத்து ஜனங்கள் இதைச் செய்துவிட்டார்கள். 2010-இல் அங்கே நூற்றுக்கு 38-க்கும் குறைவாக வாங்கியவர் கவர்னராகி உட்கார்ந்தார். 'இது என்ன கூத்து?' என்று கேட்டு, 2016-இல் ஜனங்களே ஓட்டெடுத்து வரிசை முறையைக் கொண்டுவந்தார்கள். 2018 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அலாஸ்கா 2020-இல் பின்தொடர்ந்தது. ஆனால் பெரிய கட்சிகள்? 537 ஓட்டில் உலகத்தையே அலைக்கழித்த அதே ஃபிளாரிடாவில், குடியரசுக் கட்சி ஆட்சி 2022-இல் வரிசை முறைக்குத் தடைச் சட்டம் போட்டது. ஜனநாயகக் கட்சியார் சந்தோஷப்பட வேண்டாம்: கலிபோர்னியாவில் மேலும் பல ஊர்கள் இந்த முறையைக் கைக்கொள்ள அனுமதிக்கும் மசோதாவை 2019-இல் நிராகரித்த கவர்னர் அவர்கள் கட்சிக்காரர். எதிலும் ஒத்துப்போகாத இரு கட்சிகளும் இதில் மட்டும் அண்ணன் தம்பிகள்!

நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நம் தமிழ்நாட்டிலேயே 2006-இல் தனியாக நின்ற விஜயகாந்தின் கட்சிக்கு நூற்றுக்கு 8-க்கு மேல் ஓட்டு. சட்டசபையில் ஒரே ஓர் இடம். 2011-இல் பெரிய கட்சியோடு கூட்டுச் சேர்ந்தது. ஓட்டு 8-க்குக் கீழே குறைந்தது. கிடைத்த இடங்கள் 29! இந்த முறை எல்லாச் சின்னக் கட்சிகளுக்கும் கற்றுக்கொடுக்கிற பாடம் இது: 'உன் வார்த்தையை நீ சொல்லாதே; யாருடைய வாலையாவது பிடித்துக்கொள்.' பிறகு, அரசியலில் கொள்கை இல்லை என்று நாம் திண்ணையில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறோம்.

இரண்டு கட்சி இருந்தால்தான் ஆட்சி ஸ்திரமாக இருக்கும் என்பார்கள். கல் அசையாமல் இருப்பதும் ஸ்திரம்தான். 1844-இல் இரண்டு கட்சிகளும் மகா ஸ்திரமாகத்தான் இருந்தன. எதில்? அடிமைகளின் விடுதலையைப் பேசுவதில்லை என்பதில். ஊரில் பாதிப் பேரை வருத்துகிற விஷயத்தை இரண்டு பேருமே பேசமாட்டோம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டால், அதைப் பேசுவதற்கென்று ஒரு மூன்றாவது ஆள் வரத்தான் செய்வான். அவன் வருகிறபோது குழப்பம் வருகிறது என்பது மெய். குழப்பத்தைக் கொண்டுவந்தவன் அவனா, பேசாமல் இருந்தவர்களா என்பதே கேள்வி.

நண்பரின் தங்கை பிள்ளைக்கு வருகிறேன். அவன் இரண்டு பெரிய கட்சிகளையும் விட்டதற்குக் காரணம் காஸா. அங்கே செத்த குழந்தைகளைப் பற்றி இரண்டு பேருமே தனக்குத் திருப்தியான ஒரு வார்த்தை சொல்லவில்லை என்கிறான். கணக்கை மட்டும் பார்த்தால் மாமாவின் கோபத்துக்கு இடமே இல்லை. மிச்சிகனில் அந்த முறை டிரம்ப் ஜெயித்தது ஏறக்குறைய 80,000 ஓட்டில். ஸ்டைன் வாங்கியதோ 45,000-க்கும் குறைவு. அத்தனையும் ஹாரிஸுக்குப் போயிருந்தாலும் முடிவு மாறியிராது. இதை நண்பரிடம் சொன்னேன். "கணக்கு கிடக்கட்டும், சார். எல்லாரும் அப்படிச் செய்தால்?" என்றார். எல்லாரும் அப்படிச் செய்தால் அந்த அம்மாள் அல்லவா ஜெயித்திருப்பார் என்று கேட்டேன். நண்பர் சிரிக்கவில்லை.

பையனுக்கு எழுதிய கடிதத்தில் அவனை நான் வையவில்லை, புகழவும் இல்லை. பர்னியின் கதையை எழுதி, லிங்கனின் கடிதத்தைப் பற்றியும் எழுதி, முடிவில் ஒன்று கேட்டிருந்தேன்: "ஓட்டுப் போட்டாய், சரி. மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தாய்?"

இன்னும் பதில் வரவில்லை. வராததை வைத்து அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பெரிய கட்சிக்கே போட்டுப் பழகிய என் நண்பரிடமும் இதே கேள்வியைக் கேட்டேன். அவர் எழுந்து, காப்பி ஆறிவிட்டது என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.